வாக்குச்சாவடியாகும் நம் வகுப்பறை

(பர்லியாரில் நடந்த ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்குப் பர்லியார் என்றால் மங்குஸ்தான், துரியன், ஒரு டீ. பழத்தைத் தொட்டுப் பார்த்து, விலை கேட்டுவிட்டு ஏறிக்கொள்வார்கள். அவர்கள் பார்ப்பது சாலையோரக் கடைகளை. நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீடுகள் பல அந்தச் சாலையில் இல்லை. மேலே ஏற வேண்டும், அல்லது கீழே இறங்க வேண்டும். தேர்தல் நாளில் ஓட்டுப் போட வருகிறவர்களும் அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு நான் பேசப்போவதைக் கேளுங்கள்.

வாக்குச்சாவடியில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் செய்ய வேண்டிய உதவிகள் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். இங்கே என்னைவிட அதிகத் தேர்தல்கள் பார்த்த தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு விதிகளைப் பாடம் எடுக்க நான் வரவில்லை. நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல். நான் வாக்குச்சாவடி தலைமை அலுவலர். எந்த ஊர் என்பது வேண்டாம். காலை பத்து மணி இருக்கும். வரிசை நீண்டிருந்தது. பார்வையற்ற இளைஞர் ஒருவர் தன் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கல்லூரியில் படிக்கிறவர். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த இளைஞரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாமாவைப் பார்த்து, "நீங்கதான் துணைக்கு வந்தவரா? வயசு என்ன? இங்க கையெழுத்துப் போடுங்க" என்று உறுதிமொழிப் படிவத்தை நீட்டினேன். மாமா கையெழுத்திட்டார். இருவரும் மறைப்புக்குள் போனார்கள். பீப் சத்தம் கேட்டது. வெளியே வந்தார்கள். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எனக்கு நிம்மதி.

வாசலுக்குப் போன அந்த இளைஞர் நின்று, குரல் வந்த திசையை வைத்து என் பக்கம் திரும்பி, "மேடம், பட்டன் பக்கத்துல பிரெயில் நம்பர் இருக்குமாமே. எங்க சார் சொல்லியிருந்தார். தொட்டுப் பார்த்து நானே போடலாம்னு வந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் கேட்பது போலத்தான் கேட்டார். அவருடைய முதல் ஓட்டு அது. அதை அவருடைய மாமா போட்டுவிட்டார், என் அனுமதியோடு. பீப் சத்தம் கேட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வேட்பாளர் பெயர்களைப் பிரெயிலில் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டு எனக்குக் கொடுத்த உறைகளில் ஒன்றில் இருந்தது. அன்று மாலை பொருள்களைச் சரிபார்க்கும்போதுதான் அதைப் பிரித்தேன்.

பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் குறிப்பும் எடுத்திருந்தேன். ஆனால் இயந்திரத்தை முத்திரையிடுவது, மாதிரி வாக்குப்பதிவு, 17சி படிவத்தில் கணக்கு ஆகிய இவைதான் என் மனதில் நின்றன. கணக்கு தவறினால் இரவு பொருள்களை ஒப்படைக்கும்போது நம்மை விடமாட்டார்கள். ஒரு பார்வையற்றவர் தன் ஓட்டைத் தானே போடவில்லை என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

சரி, விதி என்ன சொல்கிறது? தேர்தல் நடத்தும் விதிகள் 1961இல் 49என் என்ற விதி. பார்வையின்மையாலோ வேறு உடல் இயலாமையாலோ சின்னத்தை அடையாளம் காண முடியாதவர், அல்லது உதவியில்லாமல் பொத்தானை அழுத்த முடியாதவர், ஒரு துணையாளரை மறைப்புக்குள் அழைத்துச் செல்லலாம். துணையாளருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில், எந்த வாக்குச்சாவடியிலும், ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை போகலாம். ஓட்டின் ரகசியத்தைக் காப்பேன், இன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும். அந்த விவரம் 14ஏ பட்டியலில் ஏறும்.

இந்த விதியில் நாம் வழக்கமாகத் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. அடையாளம் காண 'முடியாதவர்', அழுத்த 'முடியாதவர்' என்கிறது விதி. முடியுமா முடியாதா என்பதை யாரிடம் கேட்பது? துணைக்கு வந்தவரிடமா? ஒருவர் தானே பொத்தானை அழுத்த முடியும் என்றால், கூட வந்தவர் மறைப்பு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நிற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் துணையாளர் வைத்துக்கொள்ளக் காரணம் ஆகாது. அதற்காகத்தானே 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலிருந்தே சின்னம் வைத்தார்கள். படிக்கத் தெரியாதவரும் யார் துணையும் இல்லாமல் தனியாக நின்று ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிரெயில் எண்ணும் அதே வகைதான். வாக்காளர் பிரெயில் தாளை விரலால் படித்து, தன் வேட்பாளரின் வரிசை எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் பொத்தானை ஒட்டியுள்ள எண்ணைத் தொட்டுப் பார்த்து அழுத்துவார். வேட்பாளர் அதிகமாகி இரண்டு இயந்திரம் வைத்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாளைப் படிக்க நேரம் ஆகும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

பிரெயில் இருந்தும் ஒரு குறை இருக்கிறது. விவிபேட் இயந்திரத்தில் நாம் போட்ட ஓட்டு ஏழு விநாடி சீட்டாகத் தெரிகிறது அல்லவா, பார்வையற்றவருக்கு அது இல்லை. பீப் சத்தம் மட்டும்தான். காது கேளாதவருக்கு நேர்மாறு. சத்தம் கேட்காது, பொத்தானுக்குப் பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது? முதல் அலுவலர் பெயரைச் சத்தமாகப் படிக்கிறார். வந்தவர் பேசாமல் நிற்கிறார். முகவர்கள் உடனே சந்தேகப்படுகிறார்கள். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் மேசையில் இருந்தால் முடிந்துவிடும் வேலை. கை விரல்கள் இல்லாதவர் வந்தால் மை வைக்கும் அலுவலர் தடுமாறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இடக்கை ஆள்காட்டி விரல் இல்லையென்றால் அந்தக் கையின் வேறு விரல், அதுவும் இல்லையென்றால் வலக்கை விரல், எந்த விரலும் இல்லையென்றால் இருக்கும் கையின் முனை என்று விதியே தெளிவாகச் சொல்கிறது. அவர் முன்னால் நின்றுகொண்டு நாம் ஒருவரையொருவர் பார்த்து விழிக்க வேண்டியதில்லை.

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நிலைமை வேறு. 2019 டிசம்பரில் நம் மாவட்டத்திலும் நடந்தது, நினைவிருக்கும். இயந்திரம் கிடையாது, நான்கு நிறத்தில் நான்கு வாக்குச்சீட்டு, ரப்பர் முத்திரை. அச்சிட்ட காகிதத்தைத் தொட்டுப் பார்த்து என்ன தெரியும்? ஜெர்மனியில் பார்வையற்றோர் சங்கங்களே துளையிட்ட அட்டை ஒன்றைத் தயாரித்துத் தருகின்றன. வாக்குச்சீட்டின் மேல் அதை வைத்து, துளையை எண்ணிக் குறியிடலாம். நம் கைவினை வகுப்பில் பிள்ளைகள் வெட்டிவிடக்கூடிய அட்டை.

அடுத்தது சாய்தளம். இது நம் வீட்டுப் பிரச்சினை. கட்டடம் நம்முடையதாயிற்றே.

சாய்தளம் நமக்கு யாரும் சும்மா தரவில்லை. 2004 தேர்தலுக்கு முன்னால், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதி என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள் வாக்குச்சாவடிக்குள் எப்படிப் போவது என்று கேட்டார். மரச் சாய்தளமாவது போடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் 2007இல் விரிவான உத்தரவு வந்தது. பிறகு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, எல்லா வாக்குச்சாவடிகளும் அணுகக்கூடியவையாக இருப்பதைத் தேர்தல் ஆணையங்கள் உறுதிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது.

நான் வேலை பார்த்த ஒரு வாக்குச்சாவடியில் ஐந்து படிகள். ஒரு படி அரையடி என்றால் இரண்டரை அடி உயரம். முதல் நாள் மாலை ஆறடிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து படியின் மேல் சாய்த்துவிட்டு, சாய்தளம் போட்டாயிற்று என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் நடத்துகிற கணக்கு ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆறடிக் கர்ணம், இரண்டரை அடி உயரம். ஏறத்தாழ 25 பாகை வரும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது அளவுகோல், அதாவது 5 பாகைக்கும் குறைவு. இரண்டரை அடிக்கு முப்பதடி வேண்டும். நம் வகுப்பறைகள் பலவற்றின் நீளத்தைவிட அதிகம். மலையில் முப்பதடி நேராகக் கிடைப்பது கஷ்டம்தான். நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பிக் கட்ட வேண்டும், கைப்பிடியோடு. நம்முடைய மலைப்பாதையே அந்தக் கணக்கில்தானே போட்டிருக்கிறது? பதினான்கு கொண்டை ஊசி வளைவு எதற்கு? நேராகப் போட்டால் லாரி ஏறாது. சக்கர நாற்காலிக்கும் அதே கணக்குதான்.

மறுநாள் அந்தப் பலகையில் ஒருவர்கூட ஏறவில்லை. நாற்காலியோடு சேர்த்து நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். தூக்கியவர்களில் இரண்டு பேர் கட்சிக்காரர்கள். இதில் என்ன தவறு, உதவிதானே என்று கேட்கலாம். உங்களைத் தூக்கிவந்து உள்ளே விட்டவர் வாசலில் காத்து நிற்கும்போது நீங்கள் எவ்வளவு சுதந்திரமாகப் பொத்தானை அழுத்துவீர்கள்? வேட்பாளர்கள் வண்டி வைத்து இலவசமாக வாக்காளர்களை ஏற்றிவருவதைச் சட்டம் முறைகேடு என்று சொல்வதற்கும் இதுதானே காரணம்? தூக்குவதும் ஏற்றிவருவதுதான்.

பள்ளியில் தேர்தல் நாளுக்காகப் போடுகிற சாய்தளம் மறுநாளே விறகாகிவிடுவதைப் பார்க்கிறோம். ஐந்து வருடத்தில் ஒரு சில நாள் வருகிற வாக்காளருக்காகப் போடுகிறோம். வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் வருகிற பிள்ளையை அம்மா இடுப்பில் வைத்துத் தூக்கிவருகிறார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் கைப்பிடியோடு சாய்தளமும், சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கான கழிப்பறையும் கட்ட வழி இருக்கிறது. வாக்குச்சாவடிகளைப் பார்வையிட அதிகாரிகள் வருவார்கள் அல்லவா, அந்த ஒரு வாரம்தான் நமக்குக் கைகொடுக்கிற வாரம். குறை என்ன என்று பதிவேட்டில் எழுதுகிற இடத்தில், தற்காலிகமாகச் சரிசெய்யப்பட்டது என்று எழுதாதீர்கள். நிரந்தரச் சாய்தளம் தேவை, உயரம் இத்தனை அடி, நீளம் இத்தனை அடி என்று எழுதுங்கள். கழிப்பறையையும் சேர்த்துத்தான். முதல் நாள் இரவே வந்து பள்ளியில் தங்குகிற பெண் அலுவலர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

வாசல் வரை வந்தவருக்குத்தான் சாய்தளம். குடியிருப்பிலிருந்து சாலைக்கு வருவதற்கே ஒற்றையடிப் பாதை என்றால்? உடம்புக்கு முடியாதவரைக் கம்பில் போர்வை கட்டித் தூக்கிவருவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். இவர்களுக்காகத்தான் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு வந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. 2024இல் வயது எண்பத்தைந்தாக உயர்ந்துவிட்டது. 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுத்து ஏற்கப்பட்டுவிட்டால் பிறகு சாவடிக்கு வந்து போட முடியாது. இதைப் பல வீடுகளில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருக்கிற நம் ஆசிரியர்கள் தயவுசெய்து படிவத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இதில் விட்டுப்போகிறவர்கள் யார் என்று யோசித்தேன். எழுபது வயது, எழுபத்தெட்டு வயது. முப்பது வருடம் முதுகில் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்த பெண்கள். ஊனச் சான்றிதழ் கிடையாது, எண்பத்தைந்தும் ஆகவில்லை. அவர்களுக்கு வீட்டு வாக்கும் இல்லை, நடக்கவும் முடியாது. தேர்தல் ஆணையத்தின் செயலியில் பதிந்தால் வண்டி கேட்கலாம், 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம். ஆனால் செயலியில் யார் பதிவது? அந்த வீட்டில் போன் வைத்திருக்கிற ஒரே ஆள் நம் ஒன்பதாம் வகுப்பு மாணவியாக இருப்பாள். பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இது தேர்தல் பிரச்சாரம் இல்லை.

2024 ஏப்ரல் 19. மறுபடியும் தலைமை அலுவலர் வேலை. இந்த முறை பிரெயில் தாளை உறையிலிருந்து எடுத்துக் காலையிலேயே மேசை மேல் வைத்துவிட்டேன். அன்று அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் வரவில்லை. ஒரு பாட்டி வந்தார். இரண்டு கண்ணிலும் பார்வை மிகவும் மங்கல். பேத்தி கையைப் பிடித்து அழைத்துவந்திருந்தாள். 2019 ஞாபகத்தில் பாட்டியிடமே கேட்டேன்: "பாட்டி, நீங்களே போடுறீங்களா, துணை வேணுமா?" "எங்கம்மா தெரியுது, பேத்தி அமுக்கட்டும்" என்றார். பேத்திக்கு என்ன வயது? பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டு அம்மா முன்வந்தார். காலையில் தன் மாமியாருக்குத் துணை போனவர், 14ஏ பட்டியலில் பெயர் இருந்தது. அவரும் முடியாது. உடனே ஒரு முகவர் எழுந்து, "நான் கூட்டிட்டுப் போறேன் மேடம், நம்ம பாட்டிதான்" என்றார். பாட்டி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பாமலே, "அவன் வேணாம்" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம், அந்த முகவரும் உட்பட. எங்களில் ஒருவர் அவருக்காக அழுத்தலாமா என்றால், வாக்குச்சாவடி அலுவலர்கள் துணையாளராகப் போகக் கூடாது. மகன் மேட்டுப்பாளையத்தில் வேலையில் இருந்தார். பேத்தி வெளியே போய்ப் போன் செய்தாள். "அவன் வரட்டும், நான் இருக்கேன்" என்று பாட்டி வராண்டாவில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணி நேரம். வெயில், பிறகு மூடுபனி. வரிசை குறைந்தபோது தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். வீட்டிலேயே போடப் படிவம் தந்தார்களா என்று கேட்டதற்கு, சான்றிதழ் எதுவும் எடுக்கவில்லை என்றார். பிறகு, "வீட்டுல இருந்து போட்டா ஓட்டுப் போட்ட மாதிரியாம்மா இருக்கும்?" என்றார். சின்னப் பெண்ணாக இலங்கையிலிருந்து வந்தவர். "சிலோன்ல எங்கப்பாவுக்கு ஓட்டே இல்லம்மா" என்றும் சொன்னார்.

அந்த வரியின் பின்னால் இருக்கும் வரலாறு நம் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குத் தெரியும். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம். மலையகத் தோட்டத் தமிழர்கள் பெரும்பாலோர் குடியுரிமையும் ஓட்டும் இழந்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. டான்டீ என்று நாம் சொல்வது அதுதான். நம் வகுப்பில் தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுடைய பாட்டிகளுக்கு ஓட்டு என்பது ஒரு முறை பறிபோய்த் திரும்பக் கிடைத்த பொருள்.

நாலே முக்கால் மணிக்கு மகன் வந்து சேர்ந்தார். உறுதிமொழி கொடுத்தார். பாட்டி ஓட்டுப் போட்டார். ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. மூன்று மணி நேரம் காக்க வைத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. துணையாளர் பற்றிய விதி முன்பே அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தால் மகன் காலையிலேயே போட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். பயிற்சி வகுப்பில் நமக்குச் சொல்கிறார்கள். வாக்காளருக்குச் சொல்வது யார்?

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர், "இவனுக்கு எதுக்கு டீச்சர் ஓட்டு?" என்று கேட்பார்கள். சிலர் பெயரே சேர்ப்பதில்லை. மனநலம் சரியில்லை என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தவருக்குத்தான் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தடை போடுகிறது. மருத்துவர் சான்றோ, பெற்றோர் நினைப்போ, நம் அபிப்பிராயமோ தடை ஆகாது. பதினெட்டு ஆனால் பெயர் சேர்க்கலாம். பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இப்போது தகுதி நாள் ஜனவரி 1 மட்டும் இல்லை, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் நாளும் உண்டு. ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8இல் மாற்றுத்திறனாளி என்று குறித்துக் கொடுக்கலாம். அந்தக் குறிப்பு இருந்தால்தான் எந்தச் சாவடிக்கு எத்தனை சக்கர நாற்காலி வேண்டும் என்று திட்டமிட முடியும். நம் சிறப்புப் பயிற்றுநர்களிடம் பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறது. மேல்நிலை வகுப்பை முடித்துப் போகும்போது அந்தப் பிள்ளையின் பெயர் நம் பதிவேட்டிலிருந்து போய்விடுகிறது, வேறு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே ஒரு விண்ணப்பத்தையும் நிரப்பச் சொன்னால் என்ன?

அந்தப் பேத்தியைப் பிறகு ஒரு நாள் குன்னூர் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அவளாகவே வந்து பேசினாள். பதினெட்டு முடிந்துவிட்டதாம், பெயர் சேர்த்துவிட்டாளாம். பாட்டிக்கு இனிமேல் அவள்தான் துணை என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் கேட்டிருக்கிறார். "ஒரு ஆளுக்குத்தான் போக முடியும் தாத்தா, உங்க வீட்டுல வேற யாரையாவது ரெடி பண்ணி வைங்க"ன்னு சொல்லிட்டேன் மிஸ் என்றாள்.